ஏந்தும் கை: விழுதலின் இயற்பியல்

(திருவண்ணாமலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகத் திருத்திச் சுருக்கியது.)



தமிழாசிரியர் பெயரில் நடக்கும் சொற்பொழிவுக்கு இயற்பியல் வாத்தியாரை ஏன் கூப்பிட்டார்கள் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். எனக்கும் அந்தத் தமிழாசிரியர் ஐயாவுக்கும் இடையே ஒரு பழைய கடன் இருக்கிறது. அதை அடைக்கத்தான் வந்திருக்கிறேன்.

நான் இந்த ஊரில் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது ஐயா ஒருநாள் திருப்புகழ் பாடிய அருணகிரிநாதர் வரலாறு சொன்னார். வாழ்வு கசந்துபோன அருணகிரி, வல்லாள மகாராசன் கோபுரத்தில் ஏறிக் கீழே பாய்ந்தார். முருகன் வந்து கையில் ஏந்திக்கொண்டான் என்றார். நான் எழுந்து நின்றேன். "ஐயா, கல்லில் விழுந்தால் என்ன, கையில் விழுந்தால் என்ன? வருகிற வேகம் ஒன்றுதானே? கையில் விழுந்தால் மட்டும் எலும்பு எப்படித் தப்பும்?" வகுப்பே சிரித்தது. பிரம்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "முருகன் பிடித்தான் என்று நான் சொல்லவில்லை. ஏந்தினான் என்றேன். பிடிப்பதற்கும் ஏந்துவதற்கும் என்ன வேறுபாடு என்று கணக்குப் போட்டுக் கொண்டு வா" என்றார்.

அந்த வீட்டுப்பாடத்தை நான் கொடுக்கவே இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது, ஐயாவும் இல்லை. இன்று உங்கள் முன்னால் அதைப் போட்டுக் காட்டுகிறேன். நான் நிறுவ விரும்பும் கருத்து ஒன்றே ஒன்று: உயரத்திலிருந்து விழுகிற மனிதரைக் காப்பாற்றும் வழி ஒன்றுதான் உண்டு, அதற்குப் பெயர் ஏந்துதல். பனி, மரக்கிளை, வலை, பாராசூட், சேஃப்டி பெல்ட், ஹெல்மெட் எல்லாம் அந்த ஒரே வேலையின் பல வடிவங்கள். இதை ஆறு படிகளில் சொல்கிறேன்.

1. விழுதல் யாரையும் நோகச் செய்வதில்லை

கனமான பொருள் வேகமாக விழும், இலேசானது மெதுவாக விழும் என்று அரிஸ்டாட்டில் காலம் முதல் நம்பி வந்தார்கள். கலிலியோ பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தின் மேலிருந்து குண்டுகளைப் போட்டு அதை மறுத்தார் என்று படித்திருப்பீர்கள். அந்தக் கதையை எழுதி வைத்தவர் அவருடைய மாணவர் விவியானி. கலிலியோ தம் நூல்களில் அப்படி ஒரு நிகழ்ச்சியைச் சொல்லவில்லை. ஆசிரியரைப் பற்றிச் சீடர்கள் சொல்லும் கோபுரக் கதை நமக்கு மட்டும் உரியதன்று என்பதற்காக இதைச் சொன்னேன். கலிலியோ உண்மையில் செய்தது சாய்வுப் பலகையில் குண்டுகளை உருட்டி நேரத்தை அளந்தது. 1638-இல் வெளிவந்த நூலில் அதன் முடிவை எழுதினார்: காற்றுத் தடையை ஒதுக்கிவிட்டால் எல்லாப் பொருளும் ஒரே வீதத்தில்தான் வேகம் கூடி விழும். 1971 ஆகஸ்டில் அப்பல்லோ-15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட், காற்றில்லாத நிலவில் ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டுக் காட்டினார். இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன.

ஒரே வீதத்தில் விழுவதால் இன்னொன்று நிகழ்கிறது. விழுகிறவரின் தலை, குடல், இரத்தம், சட்டைப்பையில் இருக்கும் காசு எல்லாம் சேர்ந்தே விழுகின்றன. ஒன்று மற்றொன்றை அழுத்துவதில்லை. 1907-இல் பெர்ன் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த ஐன்ஸ்டைனுக்கு இது சட்டென்று உறைத்தது: கூரையிலிருந்து விழும் மனிதனுக்குத் தன் எடையே தெரியாது. பொதுச் சார்பியல் கொள்கைக்கு வித்து அந்த எண்ணம்தான்.

2025-இல் நம் நாட்டின் சுபான்ஷு சுக்லா பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 18 நாள் தங்கியிருந்தார். அங்கே ஈர்ப்பு இல்லாததால் மிதந்தார் என்று பல செய்திகளில் வந்தது. தவறு. அந்த உயரத்திலும் பூமியின் ஈர்ப்பு பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. நிலையமும் அவரும் சேர்ந்து பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருந்ததால்தான் எடை தெரியவில்லை. 18 நாள் ஓயாமல் விழுந்தவருக்கு ஓர் எலும்பும் முறியவில்லை. ஆகவே விழுதலின் மேல் குற்றம் இல்லை. குற்றம் வேறோர் இடத்தில் இருக்கிறது.

2. வேகத்துக்குக் காற்று போடும் வரம்பு

நம் ஊர் ராஜகோபுரத்தை அளவுகோலாக எடுத்துக்கொள்வோம். 11 நிலை, 217 அடி, அதாவது 66 மீட்டர். கிருஷ்ணதேவராயர் தொடங்கியதைத் தஞ்சை நாயக்க மன்னர் செவ்வப்பர் முடித்தார் என்பது வரலாறு. அருணகிரியார் 15ஆம் நூற்றாண்டினர். ராஜகோபுரம் 16ஆம் நூற்றாண்டில் எழுந்தது. கிரிவலம் வருகிறவர்கள் சிலர் அண்ணாந்து பார்த்து "இங்கிருந்துதான் குதித்தார்" என்று கையைக் காட்டுவது ராஜகோபுரத்தை! அவர் காலத்தில் அது கிடையாது. மரபு சொல்வது அதற்கும் உள்ளே இருக்கும் வல்லாள கோபுரத்தை. 14ஆம் நூற்றாண்டில் இவ்வூரைத் தலைநகராகக் கொண்டிருந்த போசள மன்னன் மூன்றாம் வீர வல்லாளன் எழுப்பியது அது. நான் ராஜகோபுரத்தைக் கணக்குக்கு எடுப்பது அதன் உயரம் எல்லோருக்கும் தெரிந்தது என்பதால்தான்.

கலசத்துக்குப் பூச்சு வேலை செய்யும் ஒருவரின் கையிலிருந்து கரண்டி நழுவுகிறது என்று வையுங்கள். 66 மீட்டரைக் கடக்க அதற்கு 3.7 வினாடி ஆகும். தரையைத் தொடும்போது வேகம் வினாடிக்கு 36 மீட்டர், மணிக்கு 130 கிலோமீட்டர். அந்தக் கோபுரத்தடியில் ஏன் தடுப்புக் கட்டி ஆள் நடமாட்டத்தை நிறுத்துகிறார்கள் என்று இப்போது புரியும்.

மனித உடலாக இருந்தால் காற்று இந்த வேகத்தில் பத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். உயரம் கூடக் கூட அது தின்பதும் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஒரு கட்டத்தில் எதிர்ப்பும் எடையும் சமமாகிவிடும். அதற்கு மேல் வேகம் ஏறாது. இதை முற்று வேகம் என்கிறோம். கைகால் விரித்துக் குப்புற விழும் ஒருவருக்கு அது மணிக்கு 190 முதல் 200 கிலோமீட்டர். ஏறத்தாழ அரை கிலோமீட்டர் விழுவதற்குள் அதை எட்டிவிடுவோம். அதன்பின் ஒரு கிலோமீட்டர் விழுந்தாலும் பத்துக் கிலோமீட்டர் விழுந்தாலும் தரையைத் தொடும் வேகம் ஒன்றுதான்.

காற்று மெலிந்த உயரத்தில் இந்த வரம்பு தளரும். 2012 அக்டோபர் 14 அன்று ஆஸ்திரிய வீரர் ஃபீலிக்ஸ் பாம்கார்ட்னர் சுமார் 39 கிலோமீட்டர் உயரத்தில் பலூனிலிருந்து குதித்தபோது மணிக்கு 1,357 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். ஒலியை முந்திவிட்டார். ஆனால் கீழே இறங்க இறங்கக் காற்று அடர்ந்தது. பாராசூட்டை விரிக்கும் முன்பே காற்று அவர் வேகத்தில் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டது. காற்றுதான் முதல் ஏந்தும் கை.

இந்தக் கை எல்லோரையும் ஒன்றுபோல் ஏந்துவதில்லை. கோயில் மதிலில் ஓடும் அணில் கோபுரத்திலிருந்து தவறி விழுந்தால் உதறிக்கொண்டு ஓடிவிடும். காரணம் அளவு. நீள அகலங்களைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் உடலின் பரப்பு நூறில் ஒன்றாகும். எடையோ ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். சிறிய உயிருக்கு எடையைவிடப் பரப்பு மிகுதி; காற்று அதைத் தாங்கிவிடும். ஜே.பி.எஸ். ஹால்டேன் 1926-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை ஆழமான சுரங்கத்தில் விழும் எலி, மனிதன், குதிரை என்று வரிசைப்படுத்தி விளக்கினார். சுண்டெலி எழுந்து போய்விடும். குதிரையின் கதியைச் சொல்ல வேண்டாம். அவர் 1957-இல் இந்தியாவுக்குக் குடிவந்து, இந்தியக் குடிமகனாகவே புவனேசுவரத்தில் மறைந்தவர். அணிலுக்குக் காற்று போதும். மனிதருக்கு இன்னொரு கை வேண்டும்.

3. விழுந்த தூரமும் நின்ற தூரமும்

இப்போது என் பழைய கேள்விக்கு வருவோம். வருகிற வேகம் ஒன்றுதான் என்றேன். அது சரி. ஆனால் கேள்வியின் மறுபாதியை நான் கேட்கவில்லை: அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் பூச்சியமாகிறது?

கணக்கு மிக எளிது. விழுந்த தூரத்தை நின்ற தூரத்தால் வகுத்துவிடுங்கள். ஈர்ப்பைப் போல எத்தனை மடங்கு வீதத்தில் உடல் நிறுத்தப்பட்டது என்பது சராசரியாக வந்துவிடும். 66 மீட்டர் விழுந்து 6.6 சென்டிமீட்டரில் நின்றால் ஆயிரம் மடங்கு. 66 சென்டிமீட்டரில் நின்றால் நூறு மடங்கு. 6.6 மீட்டரில் நின்றால் பத்து மடங்கு. வேகம் ஒன்று, உயரம் ஒன்று, உடல் ஒன்று. நின்ற தூரம் மாறியதும் சாவு பிழைப்பாக மாறுகிறது.

நேரத்துக்கும் இதே விகிதம்தான். 3.7 வினாடி விழுந்தவரைப் பத்து மடங்கில் நிறுத்த 0.37 வினாடி ஆகும். தமிழில் இதற்கு ஒரு பெயர் ஏற்கெனவே உண்டு: இமைப்பொழுது. கண் ஒருமுறை மூடித் திறக்கும் நேரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இதைப் படிக்காமலே செய்கிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். கோடையில் தர்பூசணி லாரி வந்து நிற்கும். மேலே ஒருவர் நின்று பழத்தை வீசுவார். கீழே ஒருவர் வாங்குவார். வாங்குகிறவரின் கையைக் கவனியுங்கள். பழம் தொட்டதும் கை விறைத்து நிற்காது. பழத்தோடு சேர்ந்து வயிறுவரை, சில சமயம் முழங்கால்வரை தாழ்ந்து போகும். உடம்பும் கொஞ்சம் குனியும். விறைத்து நின்றால் பழம் பிளந்துவிடும் என்பது அவர் கைக்குத் தெரியும். எல்லைக்கோட்டில் கேட்ச் பிடிக்கும் ஃபீல்டரும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேதான் பந்தை வாங்குகிறார்.

ஐயா கேட்ட வேறுபாடு இதுதான். கை நின்ற இடத்தில் நின்றால் பிடித்தல். கை கூடவே தாழ்ந்தால் ஏந்துதல்.

மனித உடல் எத்தனை மடங்கைத் தாங்கும்? அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப் தம் உடம்பிலேயே சோதித்தார். 1954 டிசம்பர் 10 அன்று தண்டவாளத்தில் ஓடும் ராக்கெட் வண்டியில் தம்மைக் கட்டிக்கொண்டு மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போய், ஒன்றரை வினாடிக்குள் நின்றார். அதிகபட்சம் 46 மடங்கு. கண்ணில் இரத்தம் கட்டியது, தற்காலிகமாகப் பார்வை மங்கியது. உயிரோடு எழுந்து வந்தார். வார்ப்பட்டைகள் அந்த விசையை உடம்பெங்கும் பரப்பின. இது ஏந்துதலின் இரண்டாவது பாதி: தூரத்தை நீட்டுவதோடு பரப்பையும் அகலமாக்க வேண்டும். ஒரு விரலில் ஏந்த முடியாது, உள்ளங்கை வேண்டும்.

4. தப்பியவர்களை ஏந்தியவை

முற்று வேகத்தில் விழுந்தும் பிழைத்தவர்கள் உண்டு. மிகச் சிலர். விழுந்தவர்களில் பெரும்பாலோர் கதை சொல்ல இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இவற்றைக் கேளுங்கள். இவை துணிச்சலுக்கு எடுத்துக்காட்டல்ல.

1944 மார்ச்சில் எரியும் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்திலிருந்து நிக்கோலஸ் ஆல்கமேட் என்ற வீரர் பாராசூட் இல்லாமல் 18,000 அடி விழுந்தார். பைன் மரக்கிளைகள் ஒவ்வொன்றாய் முறிந்து வேகத்தை வாங்கின. மிச்சத்தைத் தரையில் கிடந்த பனி வாங்கியது. 1971 டிசம்பர் 24 அன்று பெரு நாட்டின் மழைக்காட்டுக்கு மேல் விமானம் சிதறியபோது 17 வயது யூலியானே கோப்கே இருக்கையோடு சுமார் மூன்று கிலோமீட்டர் விழுந்தாள். காட்டின் அடர்ந்த மேற்கவிகை அவளை ஏந்தியது. காயங்களோடு 11 நாள் காட்டில் நடந்து மனிதர்களை அடைந்தாள். அந்த விமானத்தில் பிழைத்தவள் அவள் ஒருத்திதான். ஒரு மாதம் கழித்து, 1972 ஜனவரி 26 அன்று, விமானப் பணிப்பெண் வெஸ்னா வுலோவிச் வெடித்துச் சிதறிய விமானத்தின் உடைந்த பகுதிக்குள் சிக்கியபடி 10,160 மீட்டர் உயரத்திலிருந்து செக்கோஸ்லோவாக்கியாவின் பனி மலைச்சரிவில் வந்து விழுந்தார். பாராசூட் இல்லாமல் மிக உயரத்திலிருந்து விழுந்து பிழைத்தவர் என்ற கின்னஸ் பதிவு அவருடையது.

மூன்றிலும் பொதுவானது ஒன்று. முறிய, நசுங்க, விலக ஏதோ ஒன்று இடையில் இருந்தது. எது விட்டுக்கொடுத்ததோ அது காப்பாற்றியது. தண்ணீரும் விட்டுக்கொடுக்கும்தானே என்று கேட்கலாம். மெதுவாக வருகிறவருக்கு விலகும். வேகமாக வருகிறவருக்கு விலக நேரமில்லாமல் தரைபோலவே நிற்கும். மென்மை என்பது பொருளில் மட்டும் இல்லை, அது வழிவிட எடுத்துக்கொள்ளும் நேரத்திலும் இருக்கிறது.

இந்தப் பிழைப்புகளை அதிசயம் என்று விட்டுவிடாமல் கணக்காகப் பார்த்தவர் ஹ்யூ டி ஹேவன். முதல் உலகப் போர்க்காலத்தில் விமானப் பயிற்சியின்போது நடந்த மோதலில் தாம் மட்டும் ஏன் பிழைத்தோம் என்ற கேள்வி அவரை விடவில்லை. 1942-இல் 50 முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்து பிழைத்தவர்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். விழுந்த இடத்தில் மண்ணோ தகரமோ எத்தனை அங்குலம் பதிந்தது என்று அளந்தார். விசை பரவலாகவும் மிகக் குறுகிய நேரமும் தாக்கினால் உடல் நாம் நினைப்பதைவிட மிகுதியாகத் தாங்கும் என்று காட்டினார். அப்படியானால் விபத்தில் சாவு விதியன்று, வடிவமைப்பில் உள்ள குறை என்பது அவர் எட்டிய இடம். கார்களின் சீட் பெல்ட்டுக்கும் நசுங்கிக்கொடுக்கும் முன்பகுதிக்கும் பின்னே இந்தச் சிந்தனை இருக்கிறது.

அதிசயத்தைத் திட்டமிட்டும் செய்யலாம் என்று 2016 ஜூலை 30 அன்று லூக் ஏய்கின்ஸ் காட்டினார். 18,000 தடவைக்கு மேல் குதித்த அனுபவசாலி அவர். கலிபோர்னியாவில் 25,000 அடியிலிருந்து பாராசூட் இல்லாமல் குதித்து, நூறடிக்கு நூறடி அளவுள்ள வலையில் முதுகு பட விழுந்தார். முற்று வேகம் என்பது காற்றில்லாத இடத்தில் 150 மீட்டர் விழுவதற்குச் சமம். பத்து மடங்கில் நிறுத்த 15 மீட்டர் வேண்டும். வலை கீழே போகப் போக நிற்கத் தேவையான தூரத்தைக் கொடுத்தது. அது கயிற்றால் பின்னிய ஒரு பெரிய உள்ளங்கை.

5. சாரத்திலும் சாலையிலும்

இந்தக் கணக்கு விமானத்தில் பறப்பவர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 2017 கும்பாபிஷேகத்துக்கு முன் நம் கோபுரங்களைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தார்களே, எத்தனை பேர் அதில் ஏறிச் சுதைக்கு வண்ணம் பூசினார்கள்! உயரத்தில் வேலை செய்கிறவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டால் போதும் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். கயிறு நீளாவிட்டால் கயிறே தரையாகிவிடும். இரண்டு மீட்டர் விழுந்தவரை நீளாத கயிறு நான்கு சென்டிமீட்டரில் நிறுத்தினால் ஐம்பது மடங்கு. அதுவும் முழுக்க இடுப்பில். அதனால்தான் இன்று தொடை, தோள், மார்பு எல்லாவற்றையும் சுற்றிவரும் பெல்ட் வந்தது. அதோடு ஒரு சிறிய பொதியும் இருக்கும். அதற்குள் மடித்துத் தைத்த பட்டை. ஆள் விழுந்தால் தையல் சரசரவென்று பிரிந்து பட்டை நீளும். தொழிலாளியின் மேல் வரும் விசை 6 கிலோநியூட்டனுக்கு, ஏறக்குறைய 600 கிலோ எடைக்கு, மேல் போகாதபடி அது பார்த்துக்கொள்ளும். பிரிவதற்கென்றே போட்ட தையல் அது. ஒருமுறை பிரிந்ததைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். மேஸ்திரிகள் இருந்தால் கேட்டுக்கொள்ளுங்கள்: "பெல்ட் மாட்டினாயா?" என்று கேட்டால் போதாது, "கொக்கியை எதில் மாட்டினாய்?" என்றும் கேட்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் பைக் ஒரு சுவரில் மோதுவது 6.3 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 60 கிலோமீட்டர் என்றால் 14 மீட்டர். செங்கம் சாலையில் அறுபதில் போகிறவர் நாலாவது மாடியின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். உயரம் கண்ணுக்குத் தெரியாததால் பயம் வருவதில்லை. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் வெள்ளைத் தெர்மோகோலின் தடிமன் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். எலும்பு தரும் சில மில்லிமீட்டரோடு அந்த மூன்று சென்டிமீட்டரைச் சேர்த்தால் நின்ற தூரம் பல மடங்காகும். அதைத் தலையில் வைக்காமல் பெட்ரோல் டாங்கின் மேல் வைத்துக்கொண்டு போகிறவர்களிடம் நான் வேறென்ன சொல்ல?

இதே ஏந்துதலைக் கிலோமீட்டர் கணக்கில் நீட்டினால் பாராசூட். நம் ககன்யான் திட்டத்தில் வீரர்கள் அமரும் கலத்தை இறக்குவதற்கு மொத்தம் பத்துப் பாராசூட்கள். ஆக்ராவில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் கூடத்தில் உருவானவை. பெரியவை ஒரேயடியாக விரிந்தால் துணியும் கிழியும், கலமும் குலுங்கும். அதனால் முதலில் சிறியவை, பிறகு வேகத்தைத் தணிப்பவை, கடைசியில் மூன்று பெரியவை. அவையும் பாதி விரிந்து பிறகு முழுதாக விரியும். மூன்றில் ஒன்று விரியாமல் போனாலும் இரண்டு போதும். 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்த முதல் சோதனைப் பறப்பில் ஆளில்லாக் கலம் வங்கக் கடலில் மெல்ல வந்து இறங்கியது. விண்ணிலிருந்து திரும்பும் மனிதரைக் காக்கத் தேவைப்படுவதும் அதே அவசரமின்மைதான்.

6. கோபுரத்திளையனார் கை

இப்போது வீட்டுப்பாடத்தின் கடைசி வரி.

ராஜகோபுரம் தாண்டி உள்ளே போய் வல்லாள கோபுரத்தை நெருங்கினால் கோபுரத்திளையனார் சன்னதி இருக்கிறது. அருணகிரியை முருகன் ஏந்திய இடம் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். 1964-இல் வந்த 'அருணகிரிநாதர்' படத்தில் டி.எம். சௌந்தரராஜன் நடித்ததைப் பார்த்தவர்கள் மனத்தில் அந்தக் காட்சி இன்னும் இருக்கும். இதை வரலாற்று நிகழ்ச்சியாக நான் நிறுவ வரவில்லை, மறுக்கவும் வரவில்லை. வாய்மொழி மரபு எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தது என்பதுதான் என் பாடம்.

ராஜகோபுர உயரத்தையே எடுத்துக்கொண்டால் (வல்லாள கோபுரத்துக்கு அது மிகைக் கணக்கு), பத்து மடங்கில் ஒருவரை நிறுத்த அந்தக் கை 6.6 மீட்டர் தாழ வேண்டும். 66 மீட்டருக்கு 11 நிலை. சராசரியாக நிலைக்கு ஆறு மீட்டர். ஆக, அந்தக் கை கோபுரத்தின் ஒரு நிலை உயரத்துக்குச் சற்றே கூடுதலாகத் தாழ வேண்டும். நேரம் ஓர் இமைப்பொழுது. ஐயா, இதுதான் விடை.

விடை எழுதிய பிறகு அதற்குள் இன்னொன்று தெரிந்தது. கை தாழ்கிறது என்றால் என்ன? முதல் கணத்தில் ஏந்தும் கையும் ஏறக்குறைய அதே வேகத்தில் கீழ்நோக்கிப் போக வேண்டும். ஏந்துகிறவனும் கொஞ்ச தூரம் கூடவே விழ வேண்டும். தரையில் கால் ஊன்றி அசையாமல் நிற்கிறவனால் யாரையும் ஏந்த முடியாது. நீர்நிலைக்கும் தமிழில் ஏந்தல் என்றொரு பெயர் உண்டு. மலையிலிருந்து ஓடி வரும் வெள்ளத்தை அது முட்டி நிறுத்துவதில்லை. பரந்து இடம் கொடுத்து, தானும் நிறைந்து உயர்ந்து வாங்கிக்கொள்கிறது.

இதைச் சொல்லும்போது ஒரு பொறுப்பும் வந்துவிடுகிறது. அருணகிரியின் கதையில் நாம் போற்றுவது பாய்ந்ததையன்று, ஏந்தியதை. மனம் உடைந்து விளிம்பில் நிற்கும் மனிதருக்கும் தேவைப்படுவது இதே இமைப்பொழுதுதான். சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் 1937 முதல் 1971 வரை கடைசி நொடியில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேர் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று ரிச்சர்ட் சைடன் என்ற ஆய்வாளர் தேடிப் பார்த்தார். முடிவை 1978-இல் வெளியிட்டார். அவர்களில் சுமார் 94 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையாக மறைந்திருந்தார்கள். எப்படியும் இன்னொரு நாள் போய்விடுவார்கள் என்று நாம் சொல்வது பொய். அந்த ஒரு பொழுதைக் கடக்க யாரோ கூட இருந்தால், வாழ்வு மீண்டும் அவர்களை ஏற்றுக்கொள்கிறது. அருணகிரியே சான்று: நாம் திருப்புகழ் என்று பாடுவதெல்லாம் அந்த இமைப்பொழுதுக்குப் பிறகு வந்தவை என்கிறது மரபு.

இந்த அரங்கில் யாருக்காவது மனம் அப்படிக் கனத்திருந்தால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணுக்கோ, 104 என்ற எண்ணுக்கோ எந்த நேரமும் பேசலாம். தமிழிலேயே பேசலாம். பக்கத்தில் அப்படி ஒருவர் இருப்பதாகத் தெரிந்தால், அவருக்கு நீங்கள் அறிவுரை சொல்ல வேண்டாம். அறிவுரை அசையாத கை. கூட உட்காருங்கள், கேளுங்கள், டீக்கடை வரை நடந்து போங்கள்.

ஐயா அன்று என்னைத் தண்டித்திருக்கலாம், கேலி செய்திருக்கலாம். ஒன்பதாம் வகுப்புப் பையனின் திமிரோடு அவரும் கொஞ்ச தூரம் கூடவே வந்தார். கேள்வியை முறியவிடாமல் வாங்கி, என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நான் இயற்பியல் படிக்கப் போனது அதன்பிறகுதான்.

வீட்டுப்பாடம் தாமதமாகிவிட்டது. வாங்கிக்கொள்ளுங்கள் ஐயா.